இறக்கையை விரித்துப் பிடித்தவள்

கிட்ட வாங்க கண்ணுங்களா, ஒரு கிளியின் கதை சொல்கிறேன். கண் திறக்காத குஞ்சிலிருந்தே பொட்டுக்கடலை மாவைக் கரைத்து ஊட்டி அதை வளர்த்தவள் செண்பகம். பறக்கத் தொடங்கியதும் அது ஓரகத்தி பிரமிளாவின் தோளில் போய் உட்கார்ந்தது. பிரமிளா சும்மா சீட்டியடித்தாள், அவ்வளவுதான். செண்பகத்துக்கு வயிறு எரிந்தது.

"எங்கயாவது பறந்து தொலைஞ்சிடும், இறக்கையைக் கத்தரிச்சிடலாம்" என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கத்திரிக்கோலை எடுத்தாள். ஒருவர் பிடித்துக்கொண்டால்தான் இன்னொருவர் வெட்ட முடியும். யார் பிடித்தாலும் கிளி கடித்தது. வேறு வழியில்லாமல் பிரமிளாவையே கூப்பிட்டாள். அவள் கையில் அது கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

பிரமிளா இறக்கையை விரித்துப் பிடித்தாள். "வெட்டுங்கக்கா. இனிமே பறக்க முடியாதுல்ல, நானே தூக்கி வச்சுக்கிறேன்."

கத்திரிக்கோல் திறந்தபடியே நின்றது.

நீங்கள் ஊட்டி வளர்க்கிறதெல்லாம் உங்கள் மடியையே தேடி வரட்டும், உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும்.