பக்கத்து வீட்டு அடுப்பு

சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

சில்லென்று இருந்தது.

சுவரோரம் வனஜா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மார்புச் சூட்டில் பிள்ளை. குறைமாசப் பிள்ளை.

உடம்போடு அணைத்தே வைத்திருக்கச் சொல்லித்தான் நர்ஸம்மா வீட்டுக்கு அனுப்பினார். அணைக்கிறவளே நடுங்கினால் என்ன செய்வது?

காலையில் பிள்ளை வீறிட்டு அழுதது. மத்தியானம் சிணுங்கியது.

இப்போது அதுவும் இல்லை.

கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி. கிழிசல் சேலையைச் சுருட்டி அடைத்தான். சன்னலுக்கு உரச்சாக்கு. கதவடியில் பேப்பர். எஸ்டேட்டு வெள்ளைக்காரன் கையில் இருந்தபோது வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு. அடைக்க அடைக்க வேறொரு பக்கம் காற்று வரும்.

பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி வைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். பிறகு அதுவும் சில்லிட்டுப் போகும்.

நேற்று வாசல் அடுப்பைத் தூக்கி உள்ளே வைத்தான். புகையில் பிள்ளைக்கு உதடு நீலம் பாய்ந்தது. பதறி வெளியே கொண்டுபோய்விட்டான்.

போன வருஷம் வரை இந்தச் சுவர் இப்படி இல்லை. இதன் அந்தப் பக்கம்தான் சவரியம்மாளின் அடுப்பு. அவள் உலை வைத்தால் இங்கே சுவர் கதகதக்கும். அது அவள் வீட்டுச் சூடு என்று அப்போது யார் நினைத்தார்கள்?

தேயிலைக் கவாத்தில் வெட்டிக் கொண்டுவந்த விறகுக் கட்டையில் ரெண்டைக் காணோம் என்று லைன் முழுக்கக் கேட்கக் கத்தியது அவன்தான். விறகுக் கள்ளி என்றும் சொன்னான். எடுத்தாளோ இல்லையோ.

மறுநாளே அவள் அடுப்பைப் பெயர்த்து எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனாள். அதோடு பேச்சும் நின்றது.

பிள்ளையின் பாதத்தைத் தொட்டான்.

எழுந்தான்.

மழை தூறிக்கொண்டிருந்தது. மூடுபனியில் எதிர் லைன் தெரியவில்லை. தன் குவியலில் காய்ந்த கட்டையாகப் பொறுக்கி ஒரு கட்டுக் கட்டினான். சவரியம்மாள் வாசலில் கொண்டுபோய் இறக்கினான்.

கதவு திறந்தது.

"அக்கா... பிள்ளைக்கு..."

கையைச் சுவர்ப் பக்கம் நீட்டினான்.

அவள் விறகுக்கட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"எண்ணி வச்சிட்டுப் போ. நாளைக்கு ஒண்ணு கொறையுதும்ப."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி வந்து சுவரோரம் குந்தினான். இருமினால்கூட அடுத்த வீட்டுக்குக் கேட்கிற சுவர். வனஜாவுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

சுவரில் கை வைத்தான். சில்லென்றுதான் இருந்தது.

கையை எடுக்கவில்லை.

அந்தப் பக்கம் பாத்திரம் உருண்டது. அப்புறம் அடுப்புக் கல்லைத் தரையில் இழுக்கிற சத்தம். நின்று நின்று இழுக்கிற சத்தம். தனி ஆளாக இழுக்கிறாள் போல.

சுவருக்கு ரொம்பப் பக்கத்தில் யாரோ ஊதினார்கள். இருமினார்கள். மறுபடியும் ஊதினார்கள்.



முதலில் விரல் நுனிக்குத் தெரிந்தது. தன் கைச் சூடோ என்று கையை மாற்றி வைத்துப் பார்த்தான்.

இல்லை.

வனஜா முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பிள்ளையை இன்னும் இறுக்கினாள். வெகுநேரம் கழித்து அது அழுதது.

நல்ல சத்தமாகவே அழுதது.

வெந்நீர் வைக்க வெளியே வந்தவன் பக்கத்து வாசலைப் பார்த்தான்.

விறகுக்கட்டு, அவன் இறக்கிய இடத்திலேயே நனைந்துகொண்டிருந்தது. கயிறுகூட அவிழ்க்கவில்லை.