ஒரு ஆளுக்கான அரிசி

உதவித்தொகை வாங்குபவர்கள் அரிசிக்கோ மருந்துக்கோ அடக்கச் செலவுக்கோ தனியாக விண்ணப்பிக்க வேண்டாம். எல்லாம் தானாகவே வந்துவிடும். அன்று காலை என் கணவர் தங்கப்பாண்டியனை மருத்துவமனையில் விட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போனேன். இயந்திரம் ஒரு ஆளுக்கான அரிசியை மட்டும் கொட்டிவிட்டு நின்றது.

“பாதிதான் விழுந்திருக்கு, தம்பி. உங்க மிஷினுக்கு இன்னும் தூக்கம் தெளியலையா?” என்றேன்.

கடைக்காரர் சகாயம் திரையைப் பார்த்தார். உடனே அதைக் கையால் மறைத்தார்.

“அக்கா, பைய வையுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

கடையைப் பூட்டினார். வரிசையில் நின்ற ஆறு பேரும் முணுமுணுக்காமல் காலிப் பைகளோடு எங்கள் பின்னால் நடந்தார்கள்.

என் கணவரின் உயிர் போயிருந்தது. கையில் இன்னும் சூடு இருந்தது.

அந்த ஆறு பேரில் ஒருவரையும் நான் துணைக்குக் கூப்பிடவில்லை.