கடைசிக் காட்சி

"அந்தப் படத்துக்கா விருது? வெக்கக்கேடு!"

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், லவோனின் அழகு நிலையத்தில் காலையிலிருந்து இதே பேச்சு. தன் முறைக்காகக் காத்திருந்த ரெனீட்டாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"நிஜத்துல நம்ம கறுப்புப் பையனைப் போலீஸ்காரன் நடுரோட்டுல சுட்டுக் கொன்னான். படத்துல பொழச்சு வீட்டுக்கு வந்துடறானாம்! வெள்ளைக்காரங்க நிம்மதியாத் தூங்கணும்ல?"

"விருது கொடுத்தது சரிதான்" என்றாள் வில்லாமே. ஊருக்குப் புதியவள். லவோன் அவளுக்குத்தான் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"படத்தைப் பாத்தீங்களா நீங்க?"

"தினமும் போறேன்."

"தினமுமா! அந்தப் பொய்யைப் பாக்கவா? அவனைப் பெத்தவளுக்கு எப்படி வயிறு எரியும்!"

"எரிஞ்சுது, முதல் நாள்." வில்லாமே கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்புறம் கடைசியில கதவைத் தெறந்துகிட்டு, 'அம்மா, பசிக்குது'ன்னு உள்ள வர்றான் பாரு... என் புள்ள டைரெல் வேற எங்கடி வரப்போறான்?"

லவோனின் விரல்கள் பாதிப் பின்னலில் நின்றுவிட்டன. ரெனீட்டா தலை குனிந்துகொண்டாள்.

"சீக்கிரம் முடிச்சு விடும்மா" என்றாள் வில்லாமே. "இன்னியோட படத்தைத் தூக்கிடறாங்களாம்."