கறுப்புப் பெட்டியில் அன்னம்

"சார், அன்னத்தை ஒரே படமா ஒட்டிடவா, இல்ல கோடு கோடா வர்ற மாதிரி ஒட்டவா?"

திங்கட்கிழமைதான் வேலைக்குச் சேர்ந்த புதுப் பெண் கேட்டாள். சீனியர் டிசைனருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இதுகூடவா தெரியாது? படமா ஒட்டினா, பெருசு பண்ணும்போது ஓரமெல்லாம் பல்லிளிக்கும். இந்த சாஃப்ட்வேர்ல இருக்கிறது அப்படியே அந்த சாஃப்ட்வேருக்குப் போகணும்மா."

ஆபீஸில் அவருக்கு 'அன்னம் சார்' என்றே பெயர். சோப்புக் கம்பெனிக்கு அவர் கொடுத்த தங்க நிற அன்னம் அவ்வளவு பிரபலம். இதுநாள்வரை வெள்ளைப் பெட்டியில் நீந்திக்கொண்டிருந்த அதை இன்று கறுப்புப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். கம்பெனிக்காரர் நாலு மணிக்கு வருகிறார். அவர் சரி என்று தலையாட்டினால் சீனியர்தான் தலைமை டிசைனர். முதலாளியம்மா வாக்குக் கொடுத்தாயிற்று. சீனியரும் பொறுக்க மாட்டாமல் காலையிலேயே மாமியார் வீடுவரை சொல்லிவிட்டார்.

"இதை வரைய எவ்வளவு நாள் சார் ஆச்சு?"

"மூணு மாசம்! ஒவ்வொரு இறகா வரைஞ்சு கண்ணே பூத்துப்போச்சு."

"அம்மாடி!" என்று அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். மரியாதை தெரிந்த பெண் என்று அவருக்கு மனம் குளிர்ந்தது.

"அப்ப எல்லாத்தையும் காப்பி பண்ணிடறேன் சார். ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம."

"எதுக்கும் நீங்க ஒரு தடவை பார்த்துடறீங்களா?"

"நான் பெத்த பிள்ளையை நானே சோதிக்கணுமா? ஒட்டும்மா, அவங்க வந்துட்டாங்க!"

முதலாளியம்மாவும் கம்பெனிக்காரரும் பின்னால் வந்து நின்றார்கள். அவள் நிதானமாகக் காப்பி செய்தாள். பெட்டி வடிவமைக்கும் சாஃப்ட்வேரைத் திறந்தாள். ஒட்டினாள்.

கறுப்பில் தங்க அன்னம் ஜொலித்தது.

"பிரமாதம்!" என்றார் கம்பெனிக்காரர். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "ஆமா, கீழே என்னமோ எழுதியிருக்கே?"

இத்தனை நாள் வெள்ளைப் பின்னணியில் யார் கண்ணிலும் படாமல் கிடந்த பொடி வெள்ளை எழுத்து, கறுப்பில் பளிச்சென்று தெரிந்தது. முதலாளியம்மா சத்தமாகவே படித்தார்.

"'வேலை கேட்டு நான் வரைந்து அனுப்பும் மாதிரிப் படம் இது. பிடித்திருந்தால் கூப்பிடவும்.' கீழே ஒரு போன் நம்பர்."

சீனியர் அவசரமாக மவுஸை எட்டிப் பிடிக்கப் போனார்.

"எனக்குப் பிடிச்சிருக்கே!" என்றபடி கம்பெனிக்காரர் போனை எடுத்து, திரையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

கீபோர்டுக்குப் பக்கத்தில் கிடந்த புதுப் பெண்ணின் போன் அடித்தது.