திறக்காத மேம்பாலம்

கும்மிடிப்பூண்டியின் புது மேம்பாலத்தில் இன்னும் வண்டி விடவில்லை. விடிகாலை வெளிச்சத்தில் ஊரே அதன்மேல் நடந்துகொண்டிருக்கிறது. பாலம் தொடங்கும் இடத்தில் அமுலு நின்று பார்க்கிறாள். "வெயிட்டைக் குறைம்மா, நட" என்று டாக்டர் திட்டாத மாதமில்லை. எங்கே நடப்பது? தெருவைத் தாண்டினால் கன்டெய்னர் லாரி உரசும். வேலைக்கோ கம்பெனி பஸ் வாசலிலேயே ஏற்றி வாசலிலேயே இறக்கும். இங்கே நைட்டிமேல் கம்பெனியின் ஒளிரும் பச்சைப் பாதுகாப்புச் சட்டை மாட்டிய பெண்கள், தொப்பையை முன்னே தள்ளிக்கொண்டு வரும் ஆண்கள். ஹாரன் சத்தமே இல்லாததால் ஒவ்வொருவர் மூச்சும் தனித்தனியாகக் கேட்கிறது. அமுலு செருப்பைக் கழற்றி ஓரமாக விடுகிறாள். "இன்னாக்கா, கோயிலா இது?" என்று சிரிக்கிறாள் பக்கத்து வீட்டு பூமிகா. "நாளைக்கி லாரி ஏறிடும்டி. இன்னிக்கி கோயிலுதான்" என்று அமுலு வலது காலை எடுத்து வைக்கிறாள்.