இன்னும் ஒரு முழம்

"குழாய்தான் எங்கேயோ ஒழுகுது அத்தான். விடமாட்டேன்" என்று சமையலறைத் தரையில் ஏழாவது கல்லைப் பெயர்த்தான் மச்சினன். ஊரிலேயே கெட்டிக்கார பிளம்பர் என்று பெயர் வேறு.

"ஏங்க, உங்க ஏரி நிரம்பி வழியுதோ என்னவோ?" என்றாள் மனைவி, அடுப்பு மேடைமேல் காலை மடக்கி உட்கார்ந்தபடி.

கணுக்காலளவு தண்ணீரில் நின்ற இன்ஜினியருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நிரம்பினாத்தான் தேவலையே! அளவுகல்லில் கோட்டைத் தொட இன்னும் ஒரு முழம் பாக்கி."

அவர் கவலை அவருக்கு. அறுபது வருஷமாக நிரம்பாத ஏரியைத் தூர் வாரி நிரப்பிக் காட்டுகிறேன் என்று மார்தட்டியிருந்தார். நாளைக் காலை மேலதிகாரி வரும்போது ஏரியில் நட்ட அளவுகல்லின் சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொடாவிட்டால் மாற்றல் நிச்சயம்.

"இந்த வீட்டை விட்டு நான் நகரமாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள் அவள். ஆறு ஊர் மாறி அலுத்தவள், பாவம்.

இன்ஜினியர் ஏரிக்குக் கிளம்பினார். தெருவில் முழங்காலளவு தண்ணீர்.

"எல்லா வீட்டுக் குழாயும் போச்சு அத்தான்!" என்று பின்னாலிருந்து கத்திய மச்சினனுக்குத் தலைகால் புரியவில்லை. இனி வருஷம் முழுக்க வேலைதான்.

ஏரியில் அளவுகல் நேற்று வாங்கியதுபோல் வெள்ளை வெளேரென்று நின்றது. அதன் பெயிண்ட் கெடக்கூடாது என்பது ஆபீஸ் உத்தரவு. அதைப் பார்த்துக்கொள்வதுதான் காவல்காரருக்கு வேலை, அவருக்கு முன்னால் அவர் அப்பாவுக்கும்.

தண்ணீர் கல்லின் அடியைத்தான் தொட்டிருந்தது. இன்ஜினியர் குனிந்து அளந்தார். அதே ஒரு முழம்!

"அஞ்சு நாளா ஆத்துத் தண்ணியைத் திருப்பி ஊத்தறேன், ஒரு விரக்கடை ஏறலையே!" அழுகையே வந்துவிட்டது அவருக்கு. "ஏரிக்கு வர்ற வாய்க்கால் ஷட்டரை முழுசாத் தூக்குங்க. வர்றது வரட்டும்!"

தூரத்தில் மொட்டைமாடியில் நின்று மனைவி இரண்டு கையையும் ஆட்டினாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து இவரும் ஆட்டினார்.

"தூக்கிடலாம் சார், ஒரு நிமிஷம்" என்ற காவல்காரர் கடப்பாரையோடு கல்லை நோக்கிப் போனார்.

"யோவ், அங்க என்னய்யா பண்றே?"

"தண்ணி கிட்ட வந்துடுச்சே சார், பெயிண்ட் போயிடும். எப்பவும்போல கல்லைப் பிடுங்கி மேல நட்டுடறேன்!"