கெடிலத்தில் ஒரு விடியல்

"அந்தம்மாவப் பாருங்க சார். வந்ததுலேருந்து கண்ணையே எடுக்கல" என்று அதிகாரி கலியமூர்த்தியின் காதோரம் சொன்னார் ஓவியர் நடனசபாபதி.

கடலூரில் அந்த அரசு அலுவலகத்தின் கூடத்தில், பளபளக்கும் கண்ணாடிக்குள் அவருடைய ஓவியம் தொங்கியது. திருவந்திபுரத்தருகே கெடிலம் ஆறு, இருண்ட நீர், கறுத்த மேகம், ஒரு மூலையில் மட்டும் விடியல். அலைந்து சோர்ந்து வரும் மக்களின் மனம் நிமிர வேண்டும் என்று கேட்டு வாங்கிய படம்.

பலன் தெரிந்தால் மாவட்டத்து அலுவலகங்களுக்கெல்லாம் அவரே வரைவதாகப் பேச்சு. அதற்காகவே சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்.

ஊழியர்களுக்கும் படத்தால் சந்தோஷம்தான். பெஞ்சில் காத்திருப்பவர்கள் தங்களையே முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர்களுடைய நெடுநாள் குறை. படம் வந்த கையோடு பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். இப்போது மக்களுக்கு எதிரே கலை, முதுகுக்குப் பின்னால் நிர்வாகம். திரும்பிப் பார்த்தால் வாட்ச்மேன் அதட்டுவார்.

அந்த அம்மாள் பெயர் புஷ்பவள்ளி, தேவனாம்பட்டினத்தில் மீன் விற்பவள், வீட்டுமனைப் பட்டாவுக்கு மாதக்கணக்கில் நடக்கிறாள் என்று வாட்ச்மேனிடம் விசாரித்து வைத்திருந்தார் நடனசபாபதி. மற்றவர்கள் செல்போனில் மூழ்கியிருக்க, அவள் மட்டும் படத்தின் இருண்ட பக்கத்தையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். விடியலை விட்டுவிட்டு இருட்டைப் பார்க்கிறாளே, என்ன ரசனை என்று அவருக்குச் சிலிர்த்தது.

சட்டென்று அவள் முகம் மலர்ந்தது. எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மனுப் பையை எடுத்தாள்.

ஓவியருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் வரைந்திருக்கிறார். தன் படம் ஒரு மனுஷியை எழுப்பி நிறுத்தியதைக் கண்ணால் காண்பது இதுதான் முதல் தடவை. கலியமூர்த்தியும் அசந்துபோய், அடுத்த படத்துக்கு எந்த அலுவலகம் என்று யோசிக்கவே தொடங்கிவிட்டார்.

நடனசபாபதி ஓடிப்போய் அவளை மறித்தார். அந்தப் படத்தில் அப்படி என்ன தெரிந்தது, அதை மட்டும் இந்த அதிகாரியிடம் உன் வாயாலேயே சொல்லம்மா என்று கெஞ்சினார்.

"பட்டா பாக்குற சாரு சீட்டுக்கு வந்துட்டாரு, கண்ணாடில தெரியுது. வழிய வுடுங்க சார், மறுபடியும் டீக்குப் போயிடப் போறாரு."